சமைத்த பிறகு என்ன மிஞ்சுகிறது?



நீரில் கரையும் வைட்டமின்கள் ஒன்பது. பி தொகுதியில் எட்டு, அவற்றோடு சி. அவற்றின் வேதியியலை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் எழுப்ப விரும்புவது வேறு கேள்வி. நம் உணவு அட்டவணைகளில் அச்சாகியிருக்கும் அளவுக்கும், சாப்பிடுகிறவரின் தட்டுக்கு வந்துசேரும் அளவுக்கும் இடையில் என்ன நேர்கிறது? இந்தச் சத்துகள் களையும்போதும் ஊறும்போதும் வடிக்கும்போதும் நழுவிப்போகின்றன. பி12-ஐப்போல ஆண்டுக்கணக்கில் உடல் இவற்றில் வேறெதையும் சேமித்துவைப்பதுமில்லை. தயமின் வரத்து நின்றால் சில வாரங்களில் இருப்பு தீர்ந்துவிடும்.

நம் துறையின் வரலாறே இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. அதில் நம்மவர்களுக்கும் ஓர் இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கால் வீங்கி, இதயம் தளர்ந்து கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். அதே நாட்டின் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் அண்டவில்லை. அவர்களும் வறியவர்கள்தாம், அரிசியை நம்பி வாழ்ந்தவர்கள்தாம். பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல். 1907இல் அவர் வெளியிட்ட நூல் இதைத்தான் பேசியது. ஆனால் பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தார். கண்டது சரி, கொண்ட காரணம் தவறு.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்ட பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்காத சோதனை அது. அந்தப் 18 பேரை நினைக்காமல் இத்துறையின் வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்பு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற மருத்துவர்கள் சாலைப்பணித் தொழிலாளர்களிடையே அரிசியை மாற்றிக் கொடுத்துப் பார்த்து, தீட்டும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது, அதன் இழப்பே நோய் என்று நிறுவினார்கள். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் எய்க்மன் கண்ட நோயும், அதற்குக் கிரெய்ன்ஸ் 1901இல் சொன்ன விளக்கமும் இதனோடு பொருந்தின.

அப்படி இழந்துபோன ஒன்றுதான் தயமின். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கும் தயமின் நீரோடு உட்புறம் நகர்கிறது. மாவுச்சத்து இளகி, மீண்டும் இறுகும்போது அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் பச்சரிசி இழக்கும் அளவுக்குப் புழுங்கல் தயமினை இழப்பதில்லை. நெல் அவித்த நம் பெண்கள் தயமினை அறிந்து அவிக்கவில்லை. அரிசி நொறுங்காமல் இருக்கவும், பூச்சி விழாமல் இருக்கவும் அவித்தார்கள். அதனால் அந்தச் செயலின் பயன் குறைந்துவிடாது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மேடைகளில் பெருமை பேசுவதைவிட, அவர்கள் செய்ததை அளந்து பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

அப்படி அளந்தவர்கள் நம் நீலகிரியிலேயே இருந்தார்கள். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து, பின்னாளில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அவருக்குப்பின் குன்னூரில் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் ஓர் உண்மையைக் கண்டார்கள். சென்னை மாகாணத்திலேயே, தீட்டிய பச்சரிசி உண்ட வடக்குக் கடலோர ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தெற்கில் அது அரிது. அந்த வடபகுதியில் தாய்ப்பாலை மட்டுமே குடித்த கைக்குழந்தைகள்கூட இறந்தன, தாயின் பாலிலேயே போதிய தயமின் இல்லாததால். தயமினைச் செயற்கையாக 1936இல் உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அதே மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

குன்னூரோடு இன்னொரு பெயரும் சேர்கிறது, லூசி வில்ஸ். பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் கொடிய சோகைக்குக் காரணம் தேடிவந்த அவர், குன்னூரிலும் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையை நீக்குவதை 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த காரணியைத்தான் நாம் இன்று ஃபோலேட் என்கிறோம்.

இனி நம் காலம். பெரிபெரி நம் மருத்துவமனைகளில் இன்று அரிது. ஆனால் வெள்ளை வெளேரென்ற சோறுதான் மதிப்பு என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. கொண்டைக்கடலை விரைவில் வேகட்டும் என்று ஆப்பசோடா போடுகிறோம். தயமினை அழிக்க அந்தக் காரமே போதும். கீரையை நறுக்கிய பின் அலசுகிறோம். 2021இல் அறிவிக்கப்பட்ட செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டம் இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் பி12-ஐயும் அரிசியில் சேர்க்க வகைசெய்தது. ஆனால் மும்முறை களைந்து, நிறைய நீரில் வேகவைத்து, கஞ்சி வடிக்கும் அடுப்படியில் அவற்றில் எவ்வளவு தங்குகிறது? ஆலை வாசலில் எடுத்த மாதிரியின் அளவைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது.

ஃபோலிக் அமில மாத்திரை தருவதிலும் காலம் முக்கியம். கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே அதற்குள் உறுதியாகியிருக்காது. பேறுகாலப் பதிவுக்குப் பின் தரும் ஃபோலிக் அமிலம் சோகைக்கு உதவும், நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்காது. அது மணமான பெண்களிடம் முன்கூட்டியே சென்றாக வேண்டும். பி12 குறித்தும் ஒரு சொல். தாவரம் எதுவும் அதை உருவாக்குவதில்லை. சைவ உணவினரும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோரும் குறைபாட்டுக்கு ஆளாகிறார்கள். கால் மரத்துப்போவதை நீரிழிவின் கணக்கிலேயே எழுதிவிடாமல், பி12-ஐயும் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவ நண்பர்களை வேண்டுகிறேன்.

இந்தக் கருத்தரங்கில் ஆய்வு வாசிக்க வந்திருக்கும் இளையோரிடம் நான் கேட்பது ஒன்று. உங்கள் அட்டவணைகளில் பச்சைப் பொருளின் அளவுக்குப் பக்கத்தில் சமைத்த பின் உள்ள அளவுக்கும் ஒரு பத்தி வையுங்கள். எத்தனை முறை களைந்தார்கள், வடித்த கஞ்சியைக் குடித்தார்களா, மாட்டுக்கு ஊற்றினார்களா என்பதையும் எழுதுங்கள். தஞ்சை வீட்டுச் சோறும் தருமபுரிக் களியும் தனித்தனியே அளக்கப்படட்டும். பழைய சோற்றின் சத்தைப் பற்றிப் பரவும் பெரிய எண்களையும் இதே முறையில் சோதித்து முடிவை வெளியிடுங்கள். முதல் அமர்வில் அரிசியைப் பற்றிய கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றை வாசிக்க வருமாறு கட்டுரையாளர்களை அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.