ஆட விடுவது வேறு, தலைமை வேறு
(குந்தாரப்பள்ளியில், படிப்பு முடித்துப் போகும் கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்குப் பயிற்சியாளர் பேசியது)

தம்பிகளே,

மூணு வருசம் ஒரே பந்தை உதைச்சோம், ஒரே குடத்துத் தண்ணி குடிச்சோம். இனி பாதிப்பேர் ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போவீங்க. மீதிப்பேர் ஊருக்கு.

விளையாட்டு சாதி பார்க்காதுன்னு மேடையில் சொல்வாங்க. பந்து பார்க்காது; ஆட்டத்தை நடத்துறவன் பார்க்கிறான்.

பல்வங்கர் பாலு கிரிக்கெட் ஆடிய தலித். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தவர். பூனாவில் இந்து அணிக்கு ஆடியபோது, தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. அவர் வீசிய பந்தைத் தொட்டவங்க, அவர் வாய்வைத்த குவளையைத் தொடல. தலைவர் பதவியும் தரல. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியைவிட்டு விலகி நின்று நியாயம் கேட்டாங்க. 1923இல் விட்டல் தலைவரானார். கேட்டதால் வந்தது அது.

நூறு வருசம் போச்சு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூணு கோல் போட்டார் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் இந்தியா தோற்றதும் அவர் வீட்டுமுன் பட்டாசு வெடிச்சு, சாதி சொல்லித் திட்டினாங்க.

அதனால், 'நம்மையும் சேர்த்துக்கிட்டாங்களே'ன்னு யாருக்கும் கும்பிடு போடாதீங்க. கேப்டன் யார், ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்னு கேளுங்க. ஊர் மைதானம் நமக்கும் பொதுதானேன்னு கேளுங்க. ஞாயிற்றுக்கிழமை சேரிப் பிள்ளைகளைக் கூட்டி, பொம்பளைப் பிள்ளைகளையும் சேர்த்து, பந்து கத்துக்கொடுங்க. அதுதான் எனக்கு நீங்க தரும் சம்பளம்.

போய் வாங்க.