ஆடு கடித்த கன்று
(டிரஸ்ட் சார்பில் மரக்கன்றுகள் வழங்கிய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கன்று வாங்க வந்திருக்கும் உங்களிடம் மரம் நடுவதன் சிறப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அதை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம். போன மழைக்காலத்தில் கபரஸ்தான் சுவரோரம் வேம்பும் நாவலும் நட்டோம். தைக்குள் பாதிக்கு மேல் குச்சியாகிவிட்டன. தெருவில் வைத்த முருங்கைக்கும் கொய்யாவுக்கும் அதே கதிதான். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு கொய்யாக் கன்றுக்காக அடுத்தடுத்த வீட்டார் இருவர் மூன்று மாதமாக ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த உரைக்குக் காரணமே அதுதான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். ஆட்டை யாரும் திட்ட வேண்டாம். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நம் அடுப்புகள் எரிவதே தோலால்தான். குர்பானித் தோலைச் சேகரித்து விற்ற பணத்தில் எத்தனை மதரஸாக்கள் நடந்திருக்கின்றன! தோல் விலை விழுந்து கிடப்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசுவோம். ஆடு வளர்ப்பவர்கள் யார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் விதவைத் தாய்மார்கள், அல்லது ஷூ கம்பெனிக்குக் காலையில் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்கள். அவர்களுக்கு ஆடுதான் பேங்க். பகலில் மேய்க்க ஆளில்லை, அவிழ்த்து விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்த ஆட்டுக்குப் பசி. நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மாசி பிறந்தால் புறம்போக்கில் ஒரு புல் இருக்காது, பாலாற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான் இருக்கும். தெருவிலேயே பச்சையாக இருப்பது நாம் தினமும் தண்ணீர் ஊற்றும் கன்று ஒன்றுதான். ஆடு வேறு எங்கே போகும்?

ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார்: “செக்ரட்டரி பாய், ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ, பறவையோ, மிருகமோ தின்றால் அது சதகா என்று ஹதீஸ் இருக்கிறதே, பிறகு எதற்கு வேலி?” நல்ல கேள்வி. புகாரியிலும் முஸ்லிமிலும் அந்தக் கருத்து வருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சாண் கன்றை ஒரே வாயில் தின்ற ஆட்டுக்கு அது அரை நிமிடத் தீனி. அதே கன்று மரமானால் எத்தனை வருஷம் தழை, எத்தனை கிளிக்குப் பழம், எத்தனை ஜனாஸாவுக்கு நிழல்! சதகா பெருக வேண்டுமென்றால் மரம் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

இந்த வழக்கு நமக்குப் புதியதும் அல்ல. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்ட வழக்கை தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் தீர்த்த செய்தி சூரத்துல் அன்பியாவில், 78, 79-ஆவது வசனங்களில் வருகிறது. தஃப்ஸீர்களில் அதன் விவரம் இருக்கிறது. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது தாவூத் நபியின் தீர்ப்பு. சுலைமான் நபியின் யோசனை வேறு. ஆடுகள் நிலத்துக்காரரிடம் இருக்கட்டும், பாலையும் உரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர்கள் அந்த நிலத்தைப் பாடுபட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. இதில் பயிர் திரும்பியது, ஆட்டுக்காரரும் அழியவில்லை.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரின் தோட்டத்தில் புகுந்து சேதம் செய்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதன் உடைமையாளர் பொறுப்பு என்று தீர்ப்பானது. அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இது இருக்கிறது. நஷ்டஈடு விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த மஸ்அலாவை ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: பகல் காவல் நட்டவர் தலையில் இருக்கிறது. வேலி கட்டாமல் நட்டுவிட்டு அடுத்த வீட்டு ஆட்டின் மேல் பழி போட முடியாது. பிரிட்டிஷ்காரன் 1871-இல் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கிறது, பவுண்டில் அடைக்கலாம், அபராதம் வாங்கலாம். ஒரே மஹல்லாவில் அடுத்த வீட்டு அக்காவின் ஆட்டைப் பவுண்டுக்கு ஓட்டிப் போவது நமக்கு அழகா?

இனி கைவேலைக்கு வருவோம். ஆடு பின்னங்காலில் நின்றால் ஐந்தடிக்கு மேல் எட்டும். அது இலையை மட்டும் தின்பதில்லை, முதலில் நுனிக் குருத்தைக் கிள்ளிவிடும். அதன் பிறகு கன்று மேலே போகாமல் பக்கவாட்டில் புதர் போல் அடைக்கும். தீனி இல்லாத நாளில் பட்டையையும் உரிக்கும். சுற்றிலும் பட்டை போய்விட்டால் அந்த மரம் பிழைக்காது. மாடு கடிப்பதோடு நிற்காமல் உடம்பைத் தேய்த்தே கன்றைச் சாய்த்துவிடும்.

ஆகவே கூண்டு ஐந்தடி உயரமாவது இருக்க வேண்டும். மாடு திரியும் தெருவில் ஆறடி. கன்றிலிருந்து எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையை நுழைத்துத் தின்னும். கம்பி வலையின் கண் பெரிதாக இருந்தால் தலை உள்ளே போய்க் கொம்பு மாட்டிக்கொள்ளும், ஆட்டின் உயிருக்கே ஆபத்து. இரும்புக் கூண்டு அழகுதான், ஆனால் அது நம் தெருவில் நிற்பதைவிட பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருவதே அதிகம். மூங்கில் தப்பையில் கட்டியது போதும். அதுவும் முடியாதவர்கள் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி வையுங்கள். அது இலவசம், வெட்டினால் ஊருக்கும் உபகாரம். நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். ஆடு நெற்றைத் தின்று புழுக்கை வழியாக ஊரெல்லாம் விதைத்துவிடும். தண்டு பருத்தவுடன் கூண்டைக் கழற்ற மறக்காதீர்கள், கம்பி பட்டைக்குள் பதிந்துவிடும்.

இடம் இருப்பவர்கள் உயிர்வேலி போடலாம். நொச்சி போடலாம், ஆடாதோடை போடலாம். ஆடாதோடை என்றாலே ஆடு தொடாத இலை. நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இருமலுக்குக் கஷாயமும் ஆச்சு.

இன்னொரு வழி, கன்றை உடனே தெருவில் வைக்காமல் பெரிய பையில் மாற்றி வீட்டு மாடியில் ஒரு வருஷம் வளர்ப்பது. ஆள் உயரம் வந்தபின் நட்டால் ஆட்டுக்குக் குருத்து எட்டாது. அப்போதும் தண்டைச் சுற்றிச் சாக்கு கட்ட வேண்டும். சாணியைக் கரைத்து இலையில் தெளித்தால் சில நாள் ஆடும் மாடும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். மழை பெய்தாலும் புதுத் துளிர் வந்தாலும் மறுபடி தெளிக்க வேண்டும். சமையலுக்குப் பறிக்கும் கீரைக்கும் முருங்கைக்கும் இது வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஆட்டைப் பழிக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பானால் அது பல் பட்டதல்ல, உப்புத் தண்ணீர். நம் பகுதி நிலத்தடி நீருக்கு என்ன ஆனது என்பது 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரை போன விஷயம். வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சின்னக் கன்றுக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். பாத்திரம் கழுவவோ தரை துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள்.

எலி, பெருச்சாளிக்கு ஒரே வார்த்தை: விஷம் வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையின் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்திருக்கிறது. அது கல்லீரலை அழிக்கும். அதனால் வரும் சாவுகளைப் பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். பற்பசை போல டியூபில் இருக்கும், குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. பொறி வையுங்கள், செடியடியில் குப்பை சேரவிடாதீர்கள். மயில் நாற்றைக் கொத்தினால் பழைய புடவையோ வலையோ போதும். மயிலைத் தொட்டால் வனத்துறை கேஸ். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு யானையும் பன்றியும் பெரிய சோதனைதான். ஆனால் வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம். அதில் செத்தது பன்றி மட்டுமல்ல, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

பக்ரீத் நெருங்குகிறது. விலை ஏறுமுன் என்று இரண்டு மாதம் முன்பே ஆடு வாங்கிக் கட்டுவோம். வாங்கும்போது தீனிக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். 25, 30 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோ தழையாவது வேண்டும். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸ் நமக்குத் தெரியும். பட்டினி போட்டு அவிழ்த்துவிட்டு ஊரார் கன்றில் வயிற்றை நிரப்பச் செய்வது குர்பானிக்குரிய ஆட்டை வளர்க்கும் முறை அல்ல.

ஜமாஅத்தும் டிரஸ்ட்டும் சேர்ந்து முடிவு செய்திருப்பது இது. கபரஸ்தானில் வளர்ந்த மரங்களைக் கழிக்கும் தழை வாரத்தில் இரண்டு நாள் அஸருக்குப் பிறகு வாசலில் கிடைக்கும். ஆட்டைக் கட்டி வளர்க்கும் தாய்மார்களுக்கு முதலில் கொடுப்போம், பணம் கிடையாது. கூண்டு கட்டிய கன்றை ஒருவர் ஆடு தின்றுவிட்டால் பணமும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம். ஆட்டுக்காரர் டிரஸ்ட்டில் வேறு கன்று வாங்கி அதே இடத்தில் நட்டு, பழைய உயரம் வரும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். கூண்டு கட்டாத கன்றுக்கு வழக்கு எடுக்கமாட்டோம். நாம் சொன்ன அந்த இரு வீட்டாரும் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள். புதுக் கொய்யாக் கன்று நேற்றுதான் போனது.

கன்றுகள் மதரஸா திண்ணையில் இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு இரண்டு. மூங்கில் தப்பையும் கயிறும் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறோம். கட்டத் தெரியாதவர்களுக்கு நம் பையன்கள் வீட்டுக்கு வந்து கட்டித் தருவார்கள், மேசையில் பெயரும் தெருவும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.