கடைக்கும் கரை வேண்டும்

மாணவர்களே! வையை பெருகியபோது வந்தியின் பங்கை அடைக்க இறைவனே பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை மதுரையில் அறியாதார் இலர். வீட்டுக்கோர் ஆள் வருக என்று கரையைப் பங்கிட்டளித்த கதை அது. கடைகளும் அலுவலகங்களும் மலிந்த இந்நாளில் அவற்றின் பங்கு யாது?

ஆற்று வெள்ளத்திற்கு முன்னறிவிப்பு உண்டு. 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. நகருள் கொட்டும் மழைக்கு அத்தகைய ஏற்பாடில்லை. 2024 அக்டோபர் 25ஆம் நாள் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதி நீரில் நின்றது. கண்மாய்களை மேடாக்கிக் கட்டடம் எழுப்பிய ஊர் இது. உயர் நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய் நிலத்தில்தான் அமைந்துள்ளது. நீதி வழங்கும் இடமாதலின் யான் மேலே பேசவில்லை!

அமெரிக்க நாட்டு வெள்ளக் காப்பீட்டு விதி ஒன்றைக் கேளுங்கள். ஓராண்டில் நூற்றிலொரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்திற்கு, அபாயப் பகுதியில் எழும் புதுவீட்டின் தரை உயர்ந்திருத்தல் வேண்டும். கடைக்கோ, உயர்த்துவதற்குப் பதிலாக அம்மட்டம் வரை நீர் புகாச் சுவரமைத்துப் பொறியாளரிடம் சான்று பெறவும் இடமுண்டு. இதனைச் சலுகை என்றெண்ணற்க. ஒரு மீட்டர் ஆழ நீர், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் ஏறத்தாழ 500 கிலோ எடையின் விசையோடு தள்ளும். ஐந்து மீட்டர் அகலமுள்ள கடைமுகப்பில் அது இரண்டரை டன். நம் கடைத்தெருவின் தகர ஷட்டர் அதைத் தாங்குமா?

நமது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு (2016), தரைமட்டம் சுற்றியுள்ள நிலத்தினும் 45 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கப் பணிக்கிறது. நன்று, ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் மேன்மேலும் சாலை போடுவோர் அந்த உயரத்தைச் சிறிது சிறிதாக விழுங்கிவிடுகின்றனர்.

நிலவறைதான் என்னை அஞ்சச் செய்வது. ஜெனரேட்டரும் மின்பலகையும் அங்கே இருப்பின், நீர் புகுந்ததும் மாடி முழுவதும் இருளும். ஆட்கள் இருப்பின்? 2024 ஜூலை 27இல் தில்லிப் பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி நிலையமொன்றின் நிலவறையில் மழைநீர் பாய்ந்து மூன்று மாணவர் மாண்டனர். பொருள் வைக்க மட்டும் அனுமதி பெற்ற அவ்வறை நூலகமாக இயங்கி வந்தது. முற்கூறிய கணக்கை ஒரு கதவுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் அகலக் கதவின் வெளியே இடுப்பளவு நீர் நின்றால், அதை உள்ளிருந்து வெளிப்புறமாகத் தள்ளித் திறக்க எத்தனை பேர் வேண்டும்? உங்கள் பயிற்சி நிலையத்தின் படிப்பறை எத்தளத்தில் இருக்கிறது?