செம்பும் கல்லும் சேர்ந்து பேசட்டும்



தஞ்சை அரண்மனையில் 1951-இல் அமைக்கப்பெற்ற கலைக்கூடத்தைக் காண வருவோர் பலர். அவருட் பெரும்பாலோர் திருமேனிகளின் முன் நொடிப்பொழுது நின்று, 'அழகு!' என்று சொல்லி அகல்வர். அழகைக் கண் கண்டது; வரலாற்றைக் கண்டவர் எத்துணைப் பேர்?

அக்கூடத்தில், திருவெண்காட்டிலிருந்து கொணரப்பெற்ற விடையூரும் பெருமானின் செப்புத் திருமேனி நிற்கின்றது. பாம்பு சுற்றிய தலைப்பாகை போன்ற சடைமுடி. மெல்லென வளைந்த இடை. எதன்மீதோ சாய்ந்தாற்போல் மடங்கிய வலக்கை. அக்கையைத் தாங்க வேண்டிய விடையோ அங்கில்லை! நெடுங்காலம் மண்ணுள் மறைந்திருந்து வெளிப்பட்ட அத்திருமேனிக்குப் பெயரும் ஆண்டும் தந்தது எது? திருவெண்காட்டுக் கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டு! முதலாம் இராசராசனின் ஆட்சியில், கி.பி. 1011-இல் இவரும், அடுத்த ஆண்டில் அம்மையும் எழுந்தருளினர் என்பதை அறிஞர் அதன் துணையாலேயே தெளிந்தனர். சோழர்காலத் திருமேனிகள் மிகப் பலவற்றுக்கு வடிவமைப்பை நோக்கியே காலம் கணிக்கின்றனர். அக்கணிப்புக்கு இத்திருமேனி ஓர் அளவுகோலாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளைப் பாருங்கள்! திருமேனிகளின் உயரத்தை முழத்தாலும் விரலாலும் அளந்து, உட்பொள்ளலா அன்றா என்பதையும் பொறித்துள்ளனர். அத்திருமேனிகளுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. ஏனையவற்றை நாம் அறிவது எழுத்தால் மட்டுமே!

மெழுகில் உருச்செய்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் மாழையை வார்ப்பர். பின்னர்க் கருவை உடைத்தே திருமேனியை எடுப்பர். ஆதலின், ஒன்று அழியின் அதன் படி மற்றொன்றில்லை. படியெடுக்கப்பெறாத கல்வெட்டும் அத்தகையதே. வெள்ளையடித்தும், மணல் வீசித் தேய்த்தும், திருப்பணியின் பெயரால் எழுத்தை அழித்த கோயில்கள் நம் நாட்டில் உண்டு. அயலார் கவர்ந்ததற்கு அழும் நாம், நம் கையால் அழித்ததற்கு நாணவும் இல்லை!

எனவே, பிள்ளைகளைக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அத்துடன் நில்லாது திருவெண்காட்டுச் சுவர்முன்னும் நிறுத்துங்கள். பழந்தமிழ் எழுத்தைப் படிக்கப் பழக்குங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்யுங்கள். செம்பைக் காப்பதற்குக் காவலர் உளர். கல்லைக் காப்பதற்கு ஊரார் வேண்டும்!