காவலே பகையானால்



எம் தந்தையார் ஐம்பது வயதிற்குள் பற்களை ஒவ்வொன்றாக இழந்தார். நோவில்லை, ஆதலின் வயதின் வினை என்றே இருந்துவிட்டோம். பல் துலக்குகையில் ஈறுகளில் குருதி கசிந்தபோதெல்லாம், அவ்விடத்தைத் தொடாது விடுமாறு அவரிடம் கூறியவர்களும் யாமே. அப்பிழையை இன்று இவ்வவையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

உடலுள் கிருமி புகுந்தால், குருதியிலுள்ள வெள்ளணுக்கள் விரைந்து சென்று அதனை விழுங்கிக் கொல்கின்றன. அப்போரில் அவ்விடம் சிவந்து வீங்குதலே அழற்சி எனப்படும். பகை ஒழிந்ததும் அழற்சி தணிதல் வேண்டும். முற்றிய ஈறு நோயிலோ அது தணிவதில்லை. ஏன்?

பல்லுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட இடுக்கில் வாழும் கிருமிகளுள் ஒன்று போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். அது வெள்ளணுக்களை உறங்கச் செய்வதில்லை. அவற்றின் கொல்லும் ஆற்றலை முடக்கிவிட்டு, அழற்சியை மட்டும் எரியவிடுகிறது. அழற்சியால் சிதையும் தசையே அதற்கும் அதன் சுற்றத்திற்கும் உணவாகிறது. 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், எலிகளின் வாயில் இக்கிருமி சிறிதளவு சேர்ந்த அளவிலேயே பிற கிருமிகள் பெருகின; தாடையெலும்பு கரைந்தது. பிற கிருமிகளே இல்லாத எலிகளில் இஃது ஒன்று மட்டும் புகுந்தபோது எலும்பு கரையவில்லை.

எனவே பல்லைத் தாங்கும் எலும்பை அழிப்பது கிருமி மட்டுமன்று. காக்க வந்த படையின் ஓயாத சினமும் ஆகும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இதற்கு மாற்று அரியதன்று. 1965ஆம் ஆண்டில் ஹெரால்டு லோ என்பாரும் அவருடைய துணைவரும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்தது. தொடக்க நிலையில் நோய் முற்றும் மீளும். கரைந்த எலும்போ தானாக வளர்வதில்லை.

நீரிழிவுடையோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நீரிழிவு ஈறு நோயை மிகுவிக்கும். ஈறு நோயும் சர்க்கரையை அடக்குதலைக் கடினமாக்கும்.

ஆகவே அன்பர்களே, குருதி கசியும் இடத்தை விலக்காதீர். மென்மையாக, நாள்தோறும் இருமுறை துலக்குங்கள். கசிவு நில்லாவிடில் பல் மருத்துவரை நாடுங்கள். எம் தந்தையார்க்கு யாம் சொல்லத் தவறியதை, நும் தந்தையார்க்கு நீவிர் இன்றே சொல்லுங்கள்.