பழுது டிஸ்க்கிலா, மின்சாரத்திலா?

கணினியில் செருகிய ஹார்ட் டிஸ்க் அடிக்கடி தொடர்பு அறுந்தால், டிஸ்க்தான் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறோம். முதலில் மின்சாரத்தைச் சந்தேகிப்பதே நியாயம். யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு வகுத்த அளவு 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், 3.0-க்கு 900. உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் டிஸ்க் அதைவிட அதிகம் கேட்கலாம். தனி மின் இணைப்பில்லாத ஹப்பில் எல்லாக் கருவிகளும் அந்த ஒரே பங்கைத்தான் பிரித்துக்கொள்கின்றன. மெலிந்த, நீண்ட கேபிளோ வழியிலேயே வோல்டேஜைக் குறைத்துவிடும்.

'சொற்ப மின்சாரமே கேட்கும் மவுஸும் விட்டுவிட்டு வருகிறதே?' எனலாம். சரிதான், அங்கே, சும்மா இருக்கும் கருவியை உறங்கவைக்கும் விண்டோஸின் மின்சேமிப்பு வசதி காரணமாகலாம். பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திப் பாருங்கள். போர்ட், கேபிள், கணினி என ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒருசேர மாற்றினால் கோளாறு தீர்ந்தாலும் காரணம் பிடிபடாது. எங்கே செருகினாலும் அறுந்தால் மட்டும் டிஸ்க்கைக் குறைசொல்லலாம். அப்போது முதல் வேலை, கோப்புகளை நகலெடுப்பது.