உடலாகிய ஆலயமும் உண்ணும் உணவும்



உடம்பை ஆலயமெனப் போற்றுவது சைவ மரபு. அவ்வாலயத்தின் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மனிதனால் செரிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றின் உணவு. அதனை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. குடற்சுவரின் உயிரணுக்கள் அவ்வமிலத்தைக் கொண்டே பெரிதும் வாழ்கின்றன. நார்ச்சத்துக் குறையுமாயின் நன்மை செய்யும் உயிர்கள் மெலிந்து போகும்.

தோட்டப்புறத்து முன்னோர் பழைய சோறும் மோரும் உண்டு பால்மரம் வெட்டச் சென்றனர். இரவெல்லாம் நீரில் ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. குடல் அழற்சி நோயாளருக்கு அச்சோறு பயன்படுமா என்பதைச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை அண்மை ஆண்டுகளில் ஆராயத் தொடங்கியது.

ஆயினும் பழைய சோறும் சோறே. நீரிழிவுடையோர் அளவறிந்தே உண்ணல் வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர்; அவ்விகிதம் இந்தியரிடையே மிகுதி. ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய காய்கனிகளை உண்பதில்லை என்றும் அவ்வாய்வு காட்டிற்று.

முன்னோர் நாள் முழுதும் உழைத்தனர். இன்றோ உட்கார்ந்தே பணிபுரிகின்றோர் பலர். காலையில் ரொட்டி சானாய், மாலையில் சீனி மிகுந்த தே தாரிக் என்னும் வழக்கம் குடலுக்கும் குருதிக்கும் ஒருங்கே கேடாகும்.

புக்கிட் தெங்கா வட்டாரத்து இல்லங்களில் கீரையும் பயறும் சுண்டலும் நாள்தோறும் இடம்பெறுக! ஆலய அன்னதான இலையிலும் சோறு சற்றே குறைந்து காய்கறி பெருகுக! பசித்தோர்க்கு அன்னமிடுதல் அறம். அவர்தம் நலம் நாடி இடுதல் அதனினும் பேரறம்.